கடற்கரை ஊர்களில் மீன் சாப்பாடு: தருமபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

நம் இரண்டு மாவட்டத்துக்கும் கடல் கிடையாது. மலை உண்டு, காவிரியும் தென்பெண்ணையும் உண்டு, ஒகேனக்கல் மீனும் கே.ஆர்.பி. அணை மீனும் உண்டு. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் புதுச்சேரிக்கோ மாமல்லபுரத்துக்கோ வேளாங்கண்ணிக்கோ கிளம்ப வேண்டும். கிளம்புகிறவர்கள் ரூம் எங்கே போடலாம் என்று நிறைய விசாரிக்கிறார்கள். சாப்பாட்டை மட்டும் "போற இடத்தில் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். அவ்வளவு தூரம் போய், பேருந்து நிலையத்துக்கு எதிரே சிக்கன் பிரியாணி சாப்பிட்டுவிட்டுத் திரும்பும் குடும்பங்களைப் பார்த்தால் எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. உறவினர்களும் அக்கம்பக்கத்தினரும் என்னிடம் கேட்கிற கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்கிற பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

ஒரே நாளில் போய் மீன் சாப்பிட்டுவிட்டுத் திரும்ப முடியுமா?

புதுச்சேரிக்கு என்றால் முடியும். கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் என்று தேசிய நெடுஞ்சாலை 77 போகிறது. திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி பக்கம்தான். தருமபுரிக்காரர்கள் அரூர் வழியாகத் திருவண்ணாமலை போய் அதே சாலையைப் பிடிக்கலாம். காரில் 5 மணி நேரம் போல வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேரலாம். வேளாங்கண்ணி, ராமேஸ்வரம், கன்னியாகுமரிக்கெல்லாம் இரவு தங்காமல் போகாதீர்கள். களைத்துப்போய் உட்கார்ந்தால் எந்த மீனும் ருசிக்காது.

எந்தக் கடையில் சாப்பிடுவது என்று எப்படி முடிவு செய்வது?

கடலுக்கு நேர் எதிரே, வண்ண விளக்குப் போட்டு, வாசலில் ஆள் நின்று கூப்பிடும் கடையை முதலில் தாண்டிப் போங்கள். அது மோசமான கடையாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் அங்கே நீங்கள் கொடுக்கும் பணத்தில் பாதி கடலைப் பார்ப்பதற்குப் போய்விடும்.

நான் நம்புவது மதிய மெஸ்களைத்தான். அந்த ஊர் ஆட்டோக்காரர், வங்கி ஊழியர், மீன் ஏலத்துக்கு வந்த வியாபாரி எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடும் இடம். அங்கே காலையில் வாங்கிய மீன் மதியம் 2 மணிக்குள் தீர்ந்துவிடும். தீர்ந்துவிடுகிற கடைதான் நல்ல கடை. மாலை 4 மணிக்குப் போய் நின்றாலும் "எல்லா மீனும் இருக்கு சார்" என்று சொல்கிற இடத்தில், அந்த மீன் எப்போது வந்தது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

விசாரிப்பதாக இருந்தால் தங்கும் விடுதியின் வரவேற்பு மேசையில் கேட்காதீர்கள். அவர்கள் பெரும்பாலும் தங்களுக்குத் தெரிந்த பெரிய ஹோட்டலைத்தான் காட்டுவார்கள். டீக்கடையில் கேளுங்கள், பெட்ரோல் பங்கில் கேளுங்கள். "நல்ல ஹோட்டல் எது?" என்று கேட்டால் ஏசி ஹோட்டலுக்கு வழி சொல்வார்கள். "நீங்க மதியம் எங்கண்ணே சாப்பிடுவீங்க?" என்று கேட்டுப் பாருங்கள், வேறு பதில் வரும்.

உட்கார்ந்ததும் என்ன கேட்க வேண்டும்?

"இன்னைக்கு என்ன மீன் வந்திருக்கு?" இந்த ஒரு கேள்வி போதும். மெனு கார்டை ஓரமாக வையுங்கள். கார்டு ஒருமுறை அச்சடித்தது, கடல் அப்படி இல்லை. காற்று, நீரோட்டம், எந்தப் படகு எவ்வளவு தூரம் போனது என்பதைப் பொறுத்து வலையில் விழுவது தினமும் மாறும். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகும் நாட்டுப்படகும் நாள் பிரித்துக்கொண்டு கடலுக்குப் போகும் ஏற்பாடு பல காலமாக இருக்கிறது. அதனால் திங்கட்கிழமை கிடைத்தது செவ்வாய்க்கிழமை கிடைக்காமல் போகலாம்.

நம்மவர்கள் உட்கார்ந்ததும் "வஞ்சிரம் இருக்கா?" என்று கேட்கிறார்கள். அப்படிக் கேட்டவருக்கு எப்படியாவது வஞ்சிரம் கொடுத்தாக வேண்டும் என்பதால் ஐஸ் பெட்டியின் அடியில் கிடப்பதும் வெளியே வரும். இன்று வந்ததைக் கேட்டால் சமைப்பவருக்கும் சந்தோஷம், உங்களுக்கும் நல்லது. பல மெஸ்களில் மசாலா தடவிய மீனைத் தட்டில் அடுக்கி இலைக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து காட்டுவார்கள். பார்த்து, கேட்டு, எடுத்துக்கொள்ளுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை.

வஞ்சிரம் தவிர எனக்கு மீன் பெயரே தெரியாது. எதைச் சாப்பிடலாம்?

நமக்குப் பழக்கமானவை கட்லா, ரோகு, ஜிலேபி, கெளுத்தி, விரால். எல்லாம் ஆறு, ஏரி, அணை மீன்கள். சதை கொஞ்சம் மண்வாசனையோடு இருக்கும்; அதனால்தான் நம் வீடுகளில் மசாலாவும் புளியும் தூக்கலாகப் போடுகிறோம். கடல் மீனுக்கு அவ்வளவு தேவைப்படாது.

முதல்முறை போகிறவருக்கு நான் சொல்வது கிழங்கான். விரல் நீளத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கும், முழுசாக வறுப்பார்கள், சதை அவ்வளவு மென்மை. நடுமுள்ளை உருவினால் கையோடு வந்துவிடும். குழம்புக்குச் சங்கரா, சிவப்பாக, பார்க்கவே அழகாக இருக்கும், குழம்பில் உடையாமல் நிற்கும். தலையோடு கேட்டு வாங்குங்கள். காரப்பொடி சின்ன மீன், விலையும் குறைவு. அதை வைத்துச் செய்யும் குழம்பை மீனவர் வீடுகளில் விரும்பிச் சாப்பிடுவார்கள், ஹோட்டல்களில் அபூர்வமாகத்தான் வரும். வந்தால் விடாதீர்கள். நெத்திலி வறுவல் குழந்தைகளுக்கும் பிடிக்கும். மொறுமொறுவென்று தலை முதல் வால் வரை சாப்பிட வேண்டியதுதான்.

கொஞ்சம் பெரிய மீன் வேண்டுமென்றால் கொடுவா, பாறை. கொடுவா கடலும் ஆறும் சேரும் கழிமுகத்தில் வளர்வது. கொழுப்பும் சதையும் சமமாக இருக்கும். என்னைக் கேட்டால் வஞ்சிரத்தைவிட ஒரு படி மேல். வவ்வால் நல்ல மீன்தான், விலை அதிகம்.

கானாங்கெளுத்தியும் மத்தியும் எண்ணெய் நிறைந்தவை, வாசனையும் அதிகம். பழகியவர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள், நமக்கு இரண்டாவது நாளில் பிடிக்க ஆரம்பிக்கும். தெற்கே போனால் மத்தியைச் சாளை என்பார்கள், கானாங்கெளுத்தியை அயிலை என்பார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: தூத்துக்குடியில் சீலா என்றால் நம் வஞ்சிரம். சென்னையில் ஷீலா என்றால் வேறு மீன். விலை வித்தியாசம் இருப்பதால் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

சுறாப் புட்டு கிடைத்தால் ஒரு கரண்டியாவது கேட்டுப் பாருங்கள். சுறாவை வேகவைத்து, தோலுரித்து, உதிர்த்து, சின்ன வெங்காயமும் பூண்டும் நிறையப் போட்டுச் செய்வது. பிள்ளை பெற்றவர்களுக்குப் பால் ஊறட்டும் என்று கடற்கரை வீடுகளில் செய்து கொடுப்பார்கள். முள் பயம் கிடையாது.

பள்ளி விடுமுறையில், மே மாதம்தான் போக முடியும். தடைக்காலத்தில் நல்ல மீன் கிடைக்குமா?

நம் ஊர்க்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. கிழக்குக் கடற்கரையில் ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் முட்டையிட்டுப் பெருகுவதற்கு விடும் இடைவெளி. முன்பு 45 நாளாக இருந்தது, 2017 முதல் 61 நாள் ஆக்கினார்கள். பிள்ளைகளுக்கு லீவு விடுவதும் படகுகள் கரையில் நிற்பதும் ஒரே சமயத்தில் வந்துவிடுகிறது.

ஆனால் தடை விசைப்படகுகளுக்குத்தான். கட்டுமரமும் நாட்டுப்படகும் கரையோரமாகப் போய்வரத் தடை இல்லை. அவர்கள் காலையில் போய் அன்றே திரும்புகிறவர்கள். அதனால் மே மாதத்தில் கிடைக்கும் நாட்டுப்படகு மீன் அளவில் குறைவாக இருந்தாலும் புதுசாக இருக்கும். நெத்திலி, மத்தி, கிழங்கான், காரப்பொடி மாதிரி சின்ன மீன்களைக் கேளுங்கள். விலை வழக்கத்தைவிட ஏறியிருக்கும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

அந்த இரண்டு மாதத்தில் பெரிய வஞ்சிரத் துண்டு எங்கேயும் தாராளமாகக் கிடைக்கிறதென்றால், அது குளிர்பதனக் கிடங்கிலிருந்து வந்திருக்கலாம், இல்லையென்றால் மேற்குக் கரையிலிருந்து லாரியில் வந்திருக்கலாம். உறைய வைத்த மீன் கெட்ட மீன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கடற்கரைக்குப் போய் அதைச் சாப்பிட 5 மணி நேரம் பயணம் செய்ய வேண்டுமா?

இறால் மட்டும் விதிவிலக்கு. ஹோட்டல்களில் வரும் இறாலில் கணிசமான பங்கு கரையோரக் குட்டைகளில் வளர்க்கும் வனாமி என்ற ரகம். கடலூர், நாகப்பட்டினம் மாவட்டங்களில் அந்தக் குட்டைகளைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். தடைக்காலத்திலும் இறால் கிடைக்கும். கொடுவாவையும் இப்போது வளர்க்கிறார்கள்.

மே மாதம்தான் போக முடியும், மீனும் நிறைய வேண்டும் என்றால் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரைக்குப் போங்கள். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரைதான். மே முழுக்க அங்கே படகுகள் ஓடிக்கொண்டிருக்கும்.

அப்படியானால் எந்த மாதம் நல்லது?

கிழக்குக் கரைக்கு ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை. தடை முடிந்து படகுகள் இறங்கியதும் வரத்து அதிகமாக இருக்கும். புரட்டாசியில் நிறையப் பேர் அசைவம் விடுவதால் அந்த மாதம் மீன் விலை இறங்கும்; விரதம் இல்லாதவர்களுக்கு நல்ல சந்தர்ப்பம். அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, புயல் எச்சரிக்கை. கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவித்துவிட்டால் இரண்டு மூன்று நாள் மீனே இருக்காது. பொங்கலுக்குப் பிறகு மார்ச் வரை மறுபடியும் நல்ல காலம், வெயிலும் தாங்கும்.

வேளாங்கண்ணிக்குத் திருவிழா சமயத்தில், ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை, சாப்பாட்டை மனதில் வைத்துப் போகாதீர்கள். கூட்டத்துக்குச் சமைப்பது வேறு, ருசிக்குச் சமைப்பது வேறு.

இலையில் வந்த பிறகு மீன் புதுசா பழசா என்று தெரியுமா?

சமைப்பதற்கு முன் பார்த்தால் சுலபம்: கண் தெளிவாகத் துருத்திக்கொண்டு இருக்க வேண்டும், செவுள் சிவப்பாக இருக்க வேண்டும், விரலால் அழுத்தினால் பள்ளம் விழாமல் மேலே வர வேண்டும். சமைத்த பிறகு சதையைப் பாருங்கள். புது மீன் முள்ளிலிருந்து பிரியும்போது பெரிய பெரிய ஏடாகப் பிரியும், ஈரமாக இருக்கும். பழைய மீன் மாவு மாதிரி உதிரும். வாயில் வைத்ததும் அம்மோனியா நெடி மூக்கில் ஏறினால் அத்தோடு விட்டுவிடுங்கள். சுறாவிலும் திருக்கையிலும் இந்த நெடி சீக்கிரமே வந்துவிடும்.

கானாங்கெளுத்தி, சூரை, மத்தி வகைகளில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். இவற்றை ஐஸில் வைக்காமல் வெயிலில் போட்டுவிட்டால் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். அது வறுத்தாலும் கொதிக்க வைத்தாலும் போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலைவலித்து, உடம்பெல்லாம் சூடேறும். நாக்கில் மிளகு பட்டது போல் சுரீரென்று இருந்தால், மசாலா காரம் என்று நினைத்து விழுங்காமல் நிறுத்திவிடுங்கள்.

கடற்கரை மணலில், தள்ளுவண்டியில் மீனை அடுக்கி வைத்து வறுக்கிறார்களே, சாப்பிடலாமா?

பச்சையாக வைத்திருப்பதைக் காட்டி, கண் எதிரே வறுத்துத் தந்தால் சாப்பிடலாம். ஏற்கனவே வறுத்து அடுக்கியதைத் திரும்ப எண்ணெயில் முக்கித் தருவது வேண்டாம். அது எத்தனை முறை முக்கி எடுத்தது என்று யாருக்கும் தெரியாது. வேளாங்கண்ணி கடற்கரைச் சாலையில் இந்த வண்டிகள் நிறைய. எண்ணெய் கறுத்திருக்கிறதா, மசாலா கண்ணைப் பறிக்கும் சிவப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். மிளகாய்த்தூளின் சிவப்பு கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும்.

ஒகேனக்கலில் போல மீன் வாங்கிக் கொடுத்தால் சமைத்துத் தருவார்களா?

ஒகேனக்கலில் மீனை நாமே வாங்கி, அங்கே அடுப்பு வைத்திருக்கும் அக்காக்களிடம் கொடுத்தால் குழம்பும் வறுவலும் செய்து தந்துவிடுவார்கள். அந்த வழக்கம் கடற்கரையில் எல்லா ஊரிலும் இல்லை. சுத்தம் செய்து வெட்டித் தருகிறவர்கள் எல்லா மீன் சந்தையிலும் இருப்பார்கள், தனிக் கூலி. சமைப்பதற்குத் தங்கும் இடத்தில் கேட்டுப் பாருங்கள். சின்ன விடுதிகளிலும் வீட்டோடு தங்கும் இடங்களிலும் கூலி வாங்கிக்கொண்டு செய்து தருவார்கள். மீன் வாங்கிய பிறகு கேட்காமல், வாங்குவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

குழம்பு ருசி ஊருக்கு ஊர் மாறுமா?

நிறைய மாறும். என்னைப் பொறுத்தவரை மீனைவிட இதுதான் பயணத்தின் பெரிய சந்தோஷம்.

புதுச்சேரி, கடலூர் பக்கம் குழம்பைத் தாளிக்கும்போது வடகம் போடுவார்கள். சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து எல்லாம் சேர்த்து உருட்டி வெயிலில் காயவைத்தது. அது எண்ணெயில் பொரியும் வாசனை தெருவரை வரும். பரங்கிப்பேட்டை, பிச்சாவரம் பக்கம் போனால் நண்டு கேளுங்கள். சுரபுன்னைக் காட்டுக் கழிமுகத்துச் சேற்று நண்டு தனி ருசி. கையில் தூக்கிப் பார்த்தால் அளவுக்கு மீறிக் கனக்க வேண்டும், லேசாக இருந்தால் உள்ளே சதை இருக்காது. நாகப்பட்டினம் பக்கம் மாங்காய்க் காலத்தில் குழம்பில் மாங்காய் விழும். நாகூரில் சாயங்காலம் வாடா கிடைக்கும். பார்க்க வடை மாதிரி இருக்கும், மேலே இறால் வைத்துப் பொரித்தது.

தெற்கே தூத்துக்குடி தாண்டிவிட்டால் தேங்காய் ஆட்சி. கன்னியாகுமரியில் தேங்காயை அரைத்து ஊற்றிச் செய்த சாளைக் கறியோடு வேகவைத்த மரச்சீனிக் கிழங்கைத் தருவார்கள். அது வேறு ஒன்றுமில்லை, நம் பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் பக்கக் காடுகளில் விளைகிற அதே குச்சிக்கிழங்குதான். நாம் அதைச் சேகோ ஆலைக்கு அனுப்புகிறோம், வீட்டில் அவித்து உப்பு மிளகாயோடு தின்கிறோம். அவர்கள் மீன் கறிக்குத் துணையாக்கி ஒரு வேளைச் சாப்பாடாகவே சாப்பிடுகிறார்கள். நம் ஊர்க்காரர் ஒவ்வொருவரும் ஒருமுறை சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிற சாப்பாடு இது. திரும்பி வந்து நம் வீட்டிலேயே செய்யலாம், கிழங்குக்குப் பஞ்சமில்லை.

காலை டிபனுக்கு இட்லியோடு முந்தின நாள் மீன் குழம்பு தரும் கடைகள் கடலோரம் எங்கும் உண்டு. ஒரு ராத்திரி ஊறிய குழம்பு. சட்னி வேண்டாம் என்று சொல்லிவிட்டு இதைக் கேளுங்கள்.

விலையில் ஏமாறாமல் இருக்க என்ன செய்வது?

சாப்பாட்டுக்கு விலை தனி, வறுவலுக்கு விலை தனி என்பதை முதலில் மனதில் வையுங்கள். மீன் சாப்பாடு என்றால் பெரும்பாலும் சோறு, மீன் குழம்பு, ரசம், மோர், ஒரு பொரியல். வறுத்த மீன் அதில் சேராது. தட்டில் காட்டும் மீன் அளவுக்கு ஏற்ற விலை. கல்லில் போடுவதற்கு முன்பு "இது எவ்வளவுண்ணே?" என்று கேட்டுவிடுங்கள். நண்டும் பெரிய இறாலும் எடை போட்டுத் தருவதாக இருந்தால் எடையைக் கண்ணால் பாருங்கள்.

பில் போடும் சாதாரண ஹோட்டல்களில் ஜிஎஸ்டி 5 சதவீதம். சேவைக் கட்டணம் என்று தனியாகச் சேர்த்திருந்தால் அதை எடுக்கச் சொல்லலாம். ஹோட்டல்கள் அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. பேசியும் தீரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நல்ல கவனிப்புக்கு நீங்களாக விரும்பிக் கொடுக்கும் டிப்ஸ் வேறு, அதைக் கட்டாயம் கொடுங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் முள் பயமாக இருக்கிறதே?

வஞ்சிரத் துண்டு, வவ்வால், கொடுவா கொடுங்கள். முள் பெரியது, கண்ணுக்குத் தெரியும். வாளை, மத்தி வேண்டாம். தொண்டையில் முள் குத்திவிட்டால் சோற்று உருண்டையையும் வாழைப்பழத்தையும் விழுங்கச் சொல்வது நம் வீட்டுப் பழக்கம். மருத்துவர்கள் அதை வேண்டாம் என்கிறார்கள். குத்திய முள் இன்னும் ஆழமாகப் போய்விடலாம். இருமிப் பார்க்கலாம், தண்ணீர் குடிக்கலாம். போகவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனால் நிமிஷத்தில் எடுத்துவிடுவார்.

இறால், நண்டு இதுவரை சாப்பிட்டதில்லை. ஒத்துக்கொள்ளுமா?

பெரும்பாலானவர்களுக்கு ஒத்துக்கொள்ளும். சிலருக்கு ஒவ்வாமை வரும். முதல்முறை என்றால் கொஞ்சமாகச் சாப்பிட்டுவிட்டுப் பாருங்கள், இரவு நேரத்தில் வேண்டாம். உதடு தடித்தாலும் உடம்பில் தடிப்பு வந்தாலும் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். மூச்சு இறுக்கினால் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

மீன் சாப்பிட்ட பிறகு மோர், தயிர் சாப்பிடலாமா?

கடற்கரை மெஸ்களில் மீன் குழம்புச் சோறு முடிந்து, ரசம் முடிந்து, கடைசியில் மோர் ஊற்றித்தான் இலையை மூடுவார்கள். தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் சாப்பிடுகிறார்கள். உங்கள் வீட்டில் கூடாது என்றால் விட்டுவிடுங்கள், அவ்வளவுதான்.

எங்கள் குடும்பத்தில் பாதிப் பேர் சைவம். மாலை போட்டவர்களும் வருவார்கள். என்ன செய்வது?

மேல்மருவத்தூர் போய்விட்டு அப்படியே மாமல்லபுரம், புதுச்சேரி என்று சுற்றி வரும் வேன்கள் நம் பக்கம் நிறைய. மாலை போட்டவர்கள் இருந்தால் அசைவக் கடையில் "சைவமும் இருக்கு" என்று சொல்வதை நம்பி உட்கார வைக்காதீர்கள். வறுக்கும் எண்ணெயும் கரண்டியும் ஒன்றாகத்தான் இருக்கும். தனிச் சைவ ஹோட்டல் எல்லாக் கோயில் ஊரிலும் இருக்கிறது. ராமேஸ்வரத்தில் கோயிலைச் சுற்றி அதுதான் அதிகம். சிதம்பரத்தில் கத்திரிக்காய் கொத்சு கேளுங்கள். அந்த ஊர்ப் பேரைச் சொல்லும் பதார்த்தம் அது, சைவக்காரர்களுக்கும் ஊர் ருசி கிடைத்த மாதிரி ஆயிற்று. குடும்பம் இரண்டு கடையாகப் பிரிந்து சாப்பிட்டுவிட்டு வெளியே சேர்ந்துகொள்வதில் தப்பே இல்லை.

வேனில் இருபது முப்பது பேர் போகிறோம்.

சின்ன மெஸ்ஸில் திடீரென்று போய் இறங்காதீர்கள், அவர்களால் தாங்க முடியாது. காலையில் 9 மணிக்குள் போன் செய்தோ நேரில் போயோ எத்தனை பேர், எந்த நேரம் என்று சொல்லிவிட்டால் அதற்குத் தகுந்த மாதிரி மீன் வாங்குவார்கள். கொஞ்சம் முன்பணம் கொடுங்கள். மதியம் 12:30-க்கு உட்கார்ந்துவிடுவது நல்லது. தட்டுக்கு இன்ன மீன், இன்ன விலை என்று காலையிலேயே பேசிவிட்டால் சாப்பிட்ட பிறகு கணக்குத் தகராறு வராது.

புதுச்சேரியில் ஒரு விஷயம்: நிறைய ஹோட்டல்களில் மதுவும் பரிமாறுவார்கள். பெண்கள், குழந்தைகளோடு போகிறவர்கள் உள்ளே போவதற்கு முன் குடும்பத்துக்குத் தனிப் பகுதி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் ஊர் ஹோட்டல்களிலேயே கடல் மீன் கிடைக்கிறதே, எதற்கு அவ்வளவு தூரம்?

கிடைக்கிறது. ஐஸ் பெட்டியில் இரவோடு இரவாக லாரியில் வருகிறது, ஒழுங்காக வந்தால் நன்றாகவே இருக்கும். ஆனால் நம் ஊருக்கு வருவது பெரும்பாலும் விலை போகும் மீன்களும், அடிபடாமல் பயணம் தாங்கும் மீன்களும்தான். கிழங்கானும் காரப்பொடியும் கரையிலேயே தீர்ந்துவிடும். நம் ஊரில் இருக்கும்போது நம் மீனைச் சாப்பிடுங்கள் என்பதுதான் என் கருத்து. ஒகேனக்கல், நாகமரை, கே.ஆர்.பி. அணை, பஞ்சப்பள்ளி சின்னாறு அணைப் பக்கம் அன்றன்று பிடித்த மீன் இருக்கும்போது, ஐஸில் வந்த வஞ்சிரம் எதற்கு?

திரும்பும்போது மீன், கருவாடு வாங்கி வரலாமா?

பச்சை மீன் என்றால் கிளம்பும் நாள் காலையில் வாங்குங்கள். குடலும் செவுளும் எடுத்து, கழுவி, தெர்மகோல் பெட்டியில் மீன் எவ்வளவோ அவ்வளவு ஐஸ் போடுங்கள்: ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ். ஐஸ் ஒரு அடுக்கு, மீன் ஒரு அடுக்கு, கடைசியில் ஐஸ். உருகிய தண்ணீரில் மீன் ஊறக் கூடாது. காரில் வருகிறவர்கள் நடுவில் ஒருமுறை தண்ணீரை வடித்துவிட்டு ஐஸ் சேர்க்கலாம், திருவண்ணாமலையில் கிடைக்கும்.

பேருந்தில் வருகிறவர்களுக்குக் கருவாடுதான் நல்லது. ராகிக் களியும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு நல்ல கருவாடு எது என்று சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சந்தையில் வாங்குவதற்கும் காயவைக்கும் இடத்திலேயே வாங்குவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. கையில் வளைத்தால் விறைப்பாக இருக்க வேண்டும். தொட்டால் பிசுபிசுக்கக் கூடாது. மேலே இளஞ்சிவப்பாகப் பூத்திருந்தால் அது கெட ஆரம்பித்துவிட்டது, வாங்காதீர்கள். எடை கூட்டுவதற்காக உப்பை அள்ளிப் போட்டிருப்பார்கள், உதறிவிட்டு எடை போடச் சொல்லுங்கள். நெத்திலியும் வாளையும் சுறாவும் தனித்தனியாகக் காகிதத்தில் சுற்றி, அதற்கு மேல் இரண்டு பாலித்தீன் பை போட்டு இறுக்கிக் கட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும் பிரித்து ஒரு நாள் முழு வெயிலில் காயவைத்து, பிறகு டப்பாவில் அடையுங்கள்.